பென் டிரைவும் நல்லதுதான், லேப்டாப்பும் நல்லதுதான்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் நடந்த விழாவில், மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். எல்காட் கொள்முதல் செய்த லேப்டாப்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பிளஸ் டூ படித்தபோது வாங்கியவர்கள் இன்று சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறார்கள்; லேப்டாப் பரணில் இருக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, அந்தப் பரணுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது. பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11 ஏற்காது, டிபிஎம் 2.0 சிப் எங்கே என்று கேட்கும். சரி, லினக்ஸ் போடுவோம் என்று பென் டிரைவைத் தயார்செய்து செருகினால், ஒன்று பழைய விண்டோஸே வந்து நிற்கும், இல்லையென்றால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்'. அண்ணனின் லேப்டாப்பில் ஓடிய அதே பென் டிரைவ், ஆறு வருடம் கழித்துத் தங்கைக்குக் கிடைத்த லேப்டாப்பில் ஓடாது. உடனே பென் டிரைவ் போச்சு என்போம், அல்லது லேப்டாப் போச்சு என்போம். பெரும்பாலும் இரண்டும் போயிருக்காது.

திட்டம் நடந்த அந்த ஆண்டுகளில்தான் கணினி விழித்தெழும் முறையே மாறிக்கொண்டிருந்தது. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த பயாஸ் முறையில் கணினிக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம் இருந்தால், அங்கே உள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஃபைல் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பின்னால் வந்த யுஇஎஃப்ஐக்கு ஃபைல் படிக்கத் தெரியும். பென் டிரைவில் ஃபேட்32 பார்ட்டிஷனைத் தேடி, அதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அந்தப் பென் டிரைவைக் கண்டுகொள்ளாமல் ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடும்.

ஆகவே பென் டிரைவைத் தயார்செய்யும் ரூஃபஸ் போன்ற மென்பொருள், பார்ட்டிஷன் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கிறதே, அது சம்பிரதாயக் கேள்வி அல்ல. பயாஸ் மட்டும் உள்ள பழைய லேப்டாப்புக்கு எம்பிஆர். யுஇஎஃப்ஐ லேப்டாப்புக்கு ஜிபிடி. லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் இரண்டு வழிக்கும் ஏற்பாடு செய்துகொண்டே வருகின்றன. தகராறு விண்டோஸ் ஐஎஸ்ஓவில்தான் அதிகம். அதிலுள்ள 'இன்ஸ்டால்.விம்' என்ற ஒற்றை ஃபைல் பல பதிப்புகளில் 4 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபேட்32இல் அவ்வளவு பெரிய ஃபைலுக்கு இடம் கிடையாது. என்டிஎஃப்எஸ் ஆக்கிவிட்டாலோ பல லேப்டாப்களின் யுஇஎஃப்ஐக்கு அது படிக்கத் தெரியாது. ரூஃபஸ் இதற்கென்றே சின்னதாக ஒரு ஃபேட் பார்ட்டிஷனை ஓரத்தில் ஒட்டிவைக்கிறது. அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டு, பிறகு பூட் ஆகவில்லை என்று வருவோரும் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் நடக்கிற கோளாறு ஒன்றுண்டு: இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிடுவது. மூட்டையைப் பிரிக்காமல் அரிசியை உலையில் போடுவது மாதிரிதான். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் பிரதி. அதைப் பிரித்து எழுத வேண்டும். காப்பி செய்தது காப்பியாகவே ஓட வேண்டுமென்றால், முதலில் வென்டாய் என்ற மென்பொருளைப் பென் டிரைவில் நிறுவிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது செக்யூர் பூட். 2012இல் விண்டோஸ் 8உடன் பரவிய இந்த ஏற்பாட்டில், கையொப்பமிடாத நிரலை லேப்டாப் தொடவே தொடாது. பென் டிரைவ் சரியாக எழுதப்பட்டிருக்கும், ஃபைலும் இடத்தில் இருக்கும்; கையொப்பம் இல்லையென்றால் வாசலோடு சரி. கையொப்பம் இருந்தாலும் காலாவதியானது என்று தள்ளப்படலாம். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஓர் அப்டேட், ஓட்டையுள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. விண்டோஸோடு லினக்ஸையும் வைத்திருந்த பல கணினிகளில் மறுநாள் லினக்ஸ் எழவில்லை. பழைய லினக்ஸ் பென் டிரைவ்களும் அதே காரணத்தால் மறுக்கப்பட்டன. திரையில் 'எஸ்பேட்' என்ற சொல்லோடு செய்தி வந்தால், புதிய ஐஎஸ்ஓவை இறக்கி எழுதுவதே முறை.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று சொல்வது எளிது. ஆனால் விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட்டைத் தொட்டதும், அடுத்த முறை அது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். எண் கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் புகைப்படமும் புராஜெக்ட்டும் கிடைக்காமல் போகலாம். கல்லூரி மாணவர்களுக்கு 2026 ஜனவரி முதல் அரசு வழங்கும் லேப்டாப்கள் விண்டோஸ் 11உடன் வருபவை. அவற்றில் கைவைக்கும் முன் அந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்வது என் கண்டிப்பான பரிந்துரை.

பூட் மெனுவுக்கு லெனோவாவிலும் டெல்லிலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசரில் ஒரு குறும்பு: எஃப்12 மெனு பல மாடல்களில் அணைந்தே வரும்; எஃப்2 அழுத்தி உள்ளே போய் அதை இயக்க வேண்டும். செக்யூர் பூட் வரி மங்கலாகத் தெரிந்தால், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் அது திறக்கும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் வேறு வம்பு. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லையா? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பல நேரம் அரைத் தூக்கத்தையே ஷட்டவுன் என்று காட்டுகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய்கண்டிகையிலோ கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் கதை வேறு. அங்கே யுஎஸ்பி பூட்டை ஐடி பிரிவே அடைத்துவைப்பது வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. சீமென்ஸின் ஆலைக் கட்டுப்பாட்டு மென்பொருளைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் 2010இல் வெளிப்பட்டது. பென் டிரைவ் வழியாகவும் பரவிய அது அதிகம் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவும் இருந்தது. அந்த அடைப்பை உடைக்க வழி தேடாதீர்கள், ஐடி பிரிவில் டிக்கெட் போடுங்கள்.

சொந்த லேப்டாப் என்றால் முதல் சோதனைக்குச் செலவில்லை. அதே பென் டிரைவைப் பக்கத்து வீட்டு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். அங்கே பூட் ஆனால் உங்கள் லேப்டாப்பின் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். அங்கும் ஆகவில்லையென்றால், இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 எண்ணை வெளியீட்டாளர் தந்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். பூட் மெனுவில் பென் டிரைவின் பெயரே இல்லையென்றால் வேறு போர்ட்டில் செருகுங்கள். பெயர் வந்து, தேர்ந்தெடுத்ததும் திரும்பிவிட்டால் எம்பிஆர், ஜிபிடி, செக்யூர் பூட் மூன்றில் ஒன்று. மெனு வந்து பாதியில் நின்றால் பூட் வேலை முடிந்துவிட்டது. பிரச்சினை டிரைவரிலோ மெமரியிலோ இருக்கும், அதற்காகப் பென் டிரைவைத் திரும்பத் திரும்ப ஃபார்மட் செய்து பயனில்லை.