ஒரே இணைய இணைப்பைப் பல கணினிகளில் பயன்படுத்தல்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களுக்குத் திரும்பியிருக்கும் உங்கள் பிள்ளைகள் விடுபட்ட பாடங்களைப் படிக்கக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் உதவும். இதற்காக ஆளுக்கொரு டேட்டா கார்ட் போட வேண்டியதில்லை. ஓர் இணைப்பும் ஒரு ரவுட்டரும் போதும்.

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் முதலில் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பிறகு லயம் லயமாகப் பிரிபடுவதை அறிவீர்கள். ரவுட்டர் செய்வதும் அதுதான். வெளியே உங்கள் வீட்டுக்கு ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் தொலைபேசிக்கும் ரவுட்டர் தனி முகவரி கொடுத்து, யார் எதைக் கேட்டார்களோ அதை அவரிடம் சேர்க்கிறது.

மழையில் நனைந்த ரவுட்டரை உடனே பிளக்கில் செருக வேண்டாம். நன்றாகக் காய்ந்த பின், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். 4ஜி சிம் ரவுட்டர் வைத்திருப்போர் கவனிக்க: சில இணைப்புகள் பதிவு செய்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும். வேறு லயத்தில் குடியேறினால் நிறுவனத்துக்கு அறிவித்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

முகாமில் தங்கியிருந்தபோது வைஃபை கடவுச்சொல்லைப் பலருக்கும் கொடுத்திருப்பீர்கள். அதை மாற்றிவிடுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அமைப்புப் பக்கத்தின் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), பயனர் பெயர் ஆகியவை இருக்கும். சிறு துளையில் ஊசியால் அழுத்தி ‘ரீசெட்’ செய்ய வேண்டாம். தொலைபேசிக் கம்பி இணைப்பில், நிறுவனம் பதிந்து கொடுத்த விபரங்களும் அதோடு அழிந்து இணையம் நின்றுவிடும்.

லயக் காம்பராக்களின் தடித்த சுவர்களும் தகரமும் வைஃபை அலையைத் தடுக்கும். ரவுட்டரை நடுக் காம்பராவில், உயரமான இடத்தில் வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரை எளிதில் தாண்டாது. அடுத்த காம்பராவுக்கு 2.4 தான் நல்லது. மேசைக் கணினிக்குக் கேபிள் இழுத்தால் இன்னும் உறுதி. ஒரு கேபிள் 100 மீற்றர் வரை செல்லலாம்.

டேட்டா அளவும் எல்லோருக்கும் பொதுவானது என்பதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. ஒரு கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டால் சில கிகாபைட் போய்விடும். விண்டோஸில் இந்த வைஃபையை ‘அளவிடப்படும் இணைப்பு’ எனக் குறித்துவிட்டால் பெரும்பாலும் நிற்கும். பாட வீடியோவை 360 தரத்தில் பார்த்தாலே கரும்பலகை எழுத்து தெரியும். பக்கத்து வீட்டாருக்கும் கொடுப்பதானால் ‘விருந்தினர்’ வலையமைப்பைத் திறந்து கொடுங்கள். பில் உங்கள் பெயரில் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னல் அதிகம். அப்போது மின் பிளக்கை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள்.

மின்சாரம் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். ஆகவே மண்சரிவு எச்சரிக்கைக்கு வைஃபையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வரும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். ஒரு தொலைபேசியை எப்போதும் சார்ஜில் வைத்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அதில் பதிந்துகொள்ளுங்கள்.