காதில் மாட்டுமுன் கொஞ்சம் காது கொடுங்கள்!

பொழுது சாயும் நேரத்தில் பத்து காவான் பக்கம் வந்து பாருங்கள். ஒரு காலத்தில் கரும்பும், பிறகு ரப்பரும் செம்பனையும் தழைத்த மண் அது. இன்று அங்கே தொழிற்பேட்டை எழுந்துவிட்டது. இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் பஸ்களிலிருந்து இறங்கும் நம் பிள்ளைகள் பலரின் காதில் இயர்போன் இருக்கும். கேட்பது மின்னல் எப்.எம்மாக இருக்கலாம், கைப்பேசியில் சேர்த்து வைத்த பழைய பாட்டாகவும் இருக்கலாம். அதைக் குறை சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. எனக்கும் பாட்டென்றால் உயிர்தான். ஆனால், சென்ற ஆண்டு என் வகுப்பில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். கெட்டிக்காரப் பையன். திடீரென்று அவனுடைய சொல்வதெழுதுதல் தாளில் பிழைகள் மலிந்தன. நான் 'சிலை' என்றால் அவன் 'இலை' என்று எழுதினான். 'சாலை' என்றால் 'ஆலை'. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். கவனக்குறைவு என்றெண்ணி நானும் இரண்டு முறை கடிந்துகொண்டேன். இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது. மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. பிழை அவன் கையில் இல்லை, காதில் இருக்கிறது!

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடுக்குமாடி வீடு. கீழே ஓயாமல் லோரிகள் ஓடும் சாலை. தகப்பனாருக்கு இரவு வேலை, பகலில் தூக்கம். ஆகவே, சத்தம் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பையன் பாடம் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும் இயர்போனில்தான். பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்கியது. அதன் முனையில் இருக்கவேண்டிய ரப்பர்கள் எப்போதோ தொலைந்துவிட்டன. வெறும் பிளாஸ்டிக் முனையைக் காதில் வைத்துக்கொண்டு, லோரி இரைச்சலையும் மீறிக் கேட்கவேண்டுமென்று ஒலியை முழுமையாகக் கூட்டி வைத்திருக்கிறான்.

மருத்துவமனையில் பார்த்தபோது இரு காதிலும் அழுக்கு இறுகியிருந்தது. அதை எடுத்த பிறகு பெருமளவு தெளிவு வந்தது. ஆயினும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்பதில் சிறு குறைவு தெரிகிறது என்றும், அளவு மீறிய ஒலி காரணமாக இருக்கலாம் என்றும், ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். 'ச' போன்ற எழுத்துகளின் ஒலி அந்த உயர்ந்த பகுதியில்தான் அமைந்திருக்கிறது.

தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மலிவா வாங்கிக் குடுத்ததாலதான டீச்சர் இப்படி ஆச்சு? இருநூறு வெள்ளி போட்டு வாங்கியிருந்தா ஆயிருக்காதில்ல?" என்று அழுதார். அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

விலை கூடினால் ஒலி கூடுமா?

2017-ஆம் ஆண்டில் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உயர்ந்த ஒலி ஆகியவற்றை ஒரு கருவி எந்த விகிதத்தில் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. அதிக விலை கொடுத்தால் பெயரும், பளபளப்பும், கம்பியில்லா வசதியும் கிடைக்கலாம். நல்ல ஒலி கிடைத்தே தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதற்கு நம் ஊரோடு ஒட்டிய கதை ஒன்று உண்டு. உலகப் புகழ் பெற்ற போஸ் நிறுவனம் பத்து காவானில் ஆலை வைத்திருந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2016-இல் அந்த ஆலையை ஃபிளெக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொள்ள ஒப்பந்தமானது. போஸ் நிறுவனத்தை 1964-இல் தொடங்கிய அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவரின் மகன். 1978-இல் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, எஞ்சின் இரைச்சலில் ஹெட்போன் பாட்டு எடுபடவில்லையே என்று அவருக்கு எரிச்சல் வந்தது. வெளி இரைச்சலை ஒரு சிறு மைக் பிடித்து, அதற்கு நேரெதிரான ஒலியலையை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டுத் தணிக்கும் வழியை அந்தப் பயணத்திலேயே சிந்திக்கத் தொடங்கினார்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? பாட்டைக் கூட்டுவதைவிட இரைச்சலைக் குறைப்பதே அறிவுடைமை. அமர் போஸ் அதை மின்சாரத்தால் செய்தார். நாம் அதில் ஒரு பங்கைச் சின்ன ரப்பரால் செய்துகொள்ளலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

காதின் வெளிமடலில் சும்மா உட்காரும் வகை ஒன்று, துவாரத்துக்குள் ரப்பரோடு நுழையும் வகை மற்றொன்று. இரைச்சலான இடத்தில் இருப்போருக்கு இரண்டாவது வகையே ஏற்றது. பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு ரப்பர்களாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

உங்கள் கைப்பேசியில் பழைய வட்டத் துளை இருக்கிறதா, அல்லது சார்ஜ் செய்யும் டைப்-சி துளை மட்டுந்தானா என்று பார்த்து அதற்கேற்ற முனை வாங்குங்கள். கம்பியில்லா வகை வசதியானதுதான். ஆனால், அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பெரும்பாலும் மாற்ற முடியாது. கம்பி வகை அதே விலையில் நெடுநாள் உழைக்கும். கம்பியைக் கழற்றி மாற்றும்படி இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் முதலில் பழுதாவது கம்பிதான்.

பெட்டியின் மேல் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது மனிதக் காதின் எல்லை. எல்லாரும் அதைத்தான் அச்சடிக்கிறார்கள். உள்ளே இத்தனை ஒலிப்பான்கள் என்ற கணக்கும் தரத்துக்குச் சான்றாகாது. 2022-இல் வெளிவந்த மூண்டிராப் சூ, செவன் ஹெர்ட்ஸ் சீரோ ஆகிய இரண்டும் ஏறக்குறைய 20 அமெரிக்க டாலர் விலையில், ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒலிப்பானை வைத்துக்கொண்டு நல்ல பெயர் எடுத்தவை.

சோதிக்க நன்கு பழகிய பாட்டையே போடுங்கள். பாடகர் குரல் இரு காதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். தவிலும் தபேலாவும் குரலை மூடக்கூடாது. பிறகு செய்தி வாசிப்பைக் கேளுங்கள். 'ச', 'ஸ' ஊசி குத்துவதுபோல் இருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

இருப்பதையே இனிமையாக்கலாம்

முதல் வேலை ரப்பரைப் பொருத்துவது. வலக்காதுக்கு மாட்டும்போது இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காதுமடலை மேலும் பின்னும் மெல்ல இழுத்துப் பிடித்து மாட்டுங்கள். பாட்டுப் போடாமல் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது என்று பொருள். அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள் கசிந்துபோய்ப் பாட்டு தகரம் தட்டினாற்போல் இருக்கும். கருவி மட்டம் என்று நாம் திட்டுவதெல்லாம் பல நேரம் இந்தக் கசிவைத்தான். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்பதும் இல்லை. ரப்பர் நிற்காதவர்கள் நுரையால் ஆன முனை வாங்கலாம். அதை விரலால் நசுக்கி உள்ளே வைத்து, விரியும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, துப்புரவு. ஒரு பக்கம் ஒலி குறைந்தால் கெட்டுவிட்டதென்று எறியாதீர்கள். ரப்பரைக் கழற்றி, வலைமுனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் துடையுங்கள். ரப்பரை மட்டும் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்கலாம். கருவியில் தண்ணீர் படக்கூடாது. காதைப் பஞ்சுக்குச்சியால் குடையவும் வேண்டாம். அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

மூன்றாவது, கைப்பேசியில் உள்ள ஈக்குவலைசர். பிடித்ததை ஏற்றுவதைவிடப் பிடிக்காததை இறக்குங்கள். குரல் தெளியவில்லையென்றால் தாழ்ந்த ஒலியைச் சற்றுக் குறைத்தாலே போதும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் ஒலி கரகரக்கும்.

மறக்கக்கூடாத கணக்கு

பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரையிலும், சிறுவர்கள் அதே நேரம் 75 டெசிபல் வரையிலும் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். பெரியவர்களுக்கே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரந்தான், 100 டெசிபல் என்றால் சுமார் 20 நிமிடந்தான். முழு ஒலியில் வைத்த கைப்பேசி 100 டெசிபலையும் தாண்டக்கூடும். ஆகவே, ஒலியை 60 விழுக்காட்டுக்குக் கீழே வையுங்கள். இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுங்கள். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் பழுதானால் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இன்னொன்று. நன்றாக அடைக்கும் இயர்போன் லோரியின் ஹாரனையும் அடைக்கும். சாலையில் நடக்கும்போதும் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் அது பையில் இருக்கட்டும்.

அந்தத் தாயார் இருநூறு வெள்ளி செலவழிக்கவில்லை. முப்பத்தைந்து வெள்ளியில் ஒன்று வாங்கினார். பள்ளி விட்டதும் நானும் அவரும் அமர்ந்து ஒவ்வொரு ரப்பராக மாட்டிப் பார்த்தோம். பையனுக்கு இடக்காதில் சிறியது, வலக்காதில் நடுத்தரம் பொருந்தியது. ஒலி பாதிக்கும் கீழேதான் இருந்தது. சற்று நேரம் கேட்டவன், "டீச்சர், இந்தப் பாட்டுல பின்னால தபேலா இருக்கு! இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது" என்றான்.

அடுத்த மாதம் அவனுக்கு மறுசோதனை. அதற்குள் உங்கள் வீட்டுப் பிள்ளையின் இயர்போனை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். ரப்பர் இருக்கிறதா, ஒலி எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். முகத்தைக் காட்டாமல், திரும்பி நின்று "சாலை" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை "ஆலை" என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.