பைக்கை எங்கே ஓட்டலாம்?

லீவு விட்டால் நம்ம பயல்கள் மேடு பள்ளத்தில் பைக் ஓட்டக் கிளம்பி விடுகிறார்கள். ஆசை நல்லதுதான். எங்கே ஓட்டுவது என்பதைச் சிவில் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மயிலாடிப் பக்கம் குளத்தங்கரை வேண்டவே வேண்டாம். சக்கரம் புல்லைப் பிய்த்துத் தடம் போடும். மழைத் தண்ணீர் அந்தத் தடத்தில் ஓடி மண்ணை அரிக்கும். கரை தாழ்ந்த இடத்தில் வெள்ளம் வழிந்தால் உடைப்புதான். கீழே கிடப்பது எங்க வீட்டு வயலும்தான்! சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பறவைகளை விரட்டாதீர்கள். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய கல்குவாரியின் விளிம்போ எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

அப்போ எங்கதான் ஓட்ட? உரிமையாளர் சம்மதித்த தரிசு நிலத்தில் ஓட்டுங்கள். சரளை மண், குறைந்த சரிவு, ஓடைக்குத் தள்ளி, ஆம்புலன்ஸ் வர வழி: இந்த நான்கும் இருக்க வேண்டும். முதலில் நடந்து பாருங்கள். ஈரம் காயாமல் வண்டியை இறக்காதீர்கள். நாலு சக்கர குவாட் என்றால் ரோட்டில் ஓட்டாமல் டெம்போவில் ஏற்றிச் செல்லுங்கள். ஹெல்மெட் போட மறக்காதீர்கள்!