நெஞ்சு படபடக்கும்போது மனம் சொல்லும் செய்தி

படியேறுகிறீர்கள், நெஞ்சு படபடக்கிறது. ஒருவர் சற்று நின்று இளைப்பாறி மேலே நடக்கிறார். இன்னொருவர் ‘மாரடைப்பு வந்துவிட்டது’ என்று அஞ்சுகிறார். அச்சத்தால் அட்ரினலின் சுரக்கிறது; துடிப்பு இன்னும் விரைகிறது; ‘நான் நினைத்தது சரிதான்’ என்று அச்சம் பெருகுகிறது. இசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை யாவும் இயல்பாக இருந்தும், நள்ளிரவில் திரும்பத் திரும்ப அவசரப் பிரிவுக்கு வருவோருள் பலர் இச்சுழலில் சிக்கியவர்களே. (நெஞ்சுவலி வந்தால் அதை மனப்பதற்றம் என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். முதலில் இதயத்தைப் பார்ப்போம். மனத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.)

இச்சுழலை 1986-இல் இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் கிளார்க் தெளிவாக விளக்கினார். அவருக்கு முன்னோடி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆரோன் பெக். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய சினமே என்ற பழைய கருத்தை மெய்ப்பிக்க விரும்பி, அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கண்டதோ வேறு. அக்கனவுகளில் நிறைந்திருந்தவை இழப்பும் தோல்வியுமே. விழித்திருக்கும்போதும் ‘நான் எதற்கும் உதவாதவன்’ போன்ற எண்ணங்கள் அவர்களுக்குள் தாமாகவே ஓடின. அவ்வெண்ணங்களை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து ஆராயும் சிகிச்சையை 1960-களில் பெக் உருவாக்கினார்.

இம்முறையில் எனக்குப் பிடித்தது, எதையும் சோதித்துப் பார்க்கலாம் என்பது. உடல்நிலை இடங்கொடுத்தால், எங்கள் கண்முன்னே ஓரிரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வோம். தலை சுற்றும், விரல் மரக்கும், நெஞ்சு அடிக்கும், மாரடைப்பு வராது. நூறு ஆறுதல் மொழிகள் தராத தெளிவை அந்த இரண்டு நிமிடம் தந்துவிடுவதுண்டு.

ஆயினும் எண்ணமே எல்லாம் அன்று. 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் பகுதியை விட்டுவிட்டு, மனச்சோர்வால் கைவிட்ட அன்றாடச் செயல்களை மீட்கும் பகுதியை மட்டும் அளித்தபோதும் ஏறக்குறைய அதே பயன் கிடைத்தது. உண்ணவும் உறங்கவும் இயலாத கடும் சோர்வில் இருப்பவரிடம் எண்ணத்தை ஆராயச் சொல்வதும் வீண். அவருக்கு முதலில் மருந்து தேவைப்படலாம்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். ‘குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேன்’ என்றார் ஒருவர். அது மிகைப்பட்ட எண்ணம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் மறுமொழி கூறாமல் பையிலிருந்து நகை அடகுச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் எண்ணத்தில் பிழை இல்லை. கடன் உண்மையாகவே இருந்தது. அன்று அவர் முதலில் பார்த்திருக்க வேண்டியவர் எங்கள் மருத்துவச் சமூகப் பணியாளர்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ‘நல்லதையே நினை’ என்று சொல்வது இந்தச் சிகிச்சை ஆகாது. நோய்க்கும் தாமே காரணம் என்ற குற்றவுணர்வே நோயாளிக்கு அதனால் மிஞ்சும். ‘அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது?’ என்று கேளுங்கள். விடையையும், படபடப்பு வந்த நேரத்தையும், அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். மூன்று நாள் குறிப்பு இருந்தாலே போதும், பேச்சைத் தொடங்கிவிடலாம்.