உங்களுக்குத் தெரியுமா? காயம்பட்டால் தானே ஆறும் விமானம்!

போயிங் 787 விமானத்தின் எடையில் 50 சதவீதம் உலோகமே இல்லை. பிசினில் இழைகளைப் பதித்துச் செய்யும் காம்போசிட்! ஏர்பஸ் ஏ350 அதையும் முந்திவிட்டது. அதில் 53 சதவீதம்!

மெக்கானிக்கின் கைநழுவி ஒரு ஸ்பானர் இறக்கையில் விழுகிறது. மேலே கீறல்கூடத் தெரியாது. உள்ளேயோ அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கலாம்! அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி, காசால் தட்டிப் பார்ப்பது. 'ணங்' என்றால் நலம். 'டொத்' என்றால் உள்காயம்!

காயம் தானே ஆறினால் எப்படி இருக்கும்? 2001-லேயே செய்துகாட்டிவிட்டார்கள்! அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், எபாக்சி பிசினுக்குள் திரவம் நிரப்பிய நுண்குமிழ்களைப் புதைத்தார்கள். விரிசல் ஓடியது. குமிழ் உடைந்தது. திரவம் கசிந்து இறுகியது. முறிவைத் தாங்கும் திறனில் திரும்பக் கிடைத்தது 75 சதவீதம்!

அந்தக் குமிழின் தோல் எவ்வளவு தடிமன் என்கிறீர்கள்? சுமார் 200 நானோமீட்டர்! ஒரு மில்லிமீட்டரை 5,000 கூறு போட்டால், அதில் ஒரு கூறு!

திரவத்தை இறுக வைத்தது ருத்தேனியம் கலந்த ஒரு வினையூக்கி. அதை உருவாக்கிய ராபர்ட் கிரப்ஸ் சும்மா ஆளில்லை. 2005-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்!

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவானது 'ரத்தம் சிந்தும்' காம்போசிட்! உள்ளே குழல் போன்ற கண்ணாடி இழைகள். அடிபட்டால் அவற்றிலிருந்து பிசினும் சாயமும் வழியும். புற ஊதா விளக்கைக் காட்டினால் காயம்பட்ட இடம் பளிச்சென்று ஒளிரும்!

குமிழ் ஒருமுறை உடைந்தால் அவ்வளவுதானே? அதற்கும் இல்லினாயிலேயே வழி கண்டார்கள். ரத்த நாளங்களைப் போல நுண்குழாய்களை ஓடவிட்டார்கள். 2007-ல் ஒரே இடத்து விரிசல் ஆறியது 7 முறை!

விரிசல் என்ன, ஓட்டையே விழுந்தாலும் அடைபடும்! இல்லினாய் குழு 2014-ல் அடைத்துக்காட்டிய சேதத்தின் அகலம் 35 மில்லிமீட்டருக்கும் மேல். நிரம்ப 20 நிமிடம். உறுதி திரும்ப 3 மணி நேரம்!

கோல்ஃப் பந்தின் மேலுறைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் சர்லின். அதைத் துப்பாக்கியால் சுடுங்கள். குண்டு மறுபக்கம் போய்விடும். ஓட்டையைத்தான் காணோம்! குண்டு உரசிய சூட்டிலேயே உருகி மூடிக்கொள்கிறது!

நாசாவும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் 2015-ல் இன்னொரு வேடிக்கை காட்டின. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு திரவம். குண்டு துளைத்ததும் ஆக்சிஜன் படும், திரவம் கெட்டியாகும். ஓட்டை அடைபட ஆன நேரம்? சில விநாடிகளே!

இதெல்லாம் புதுசு என்று நினைக்காதீர்கள்! இரண்டாம் உலகப் போர் விமானங்களிலேயே தானே அடைபடும் பெட்ரோல் டேங்க் இருந்தது. குண்டு துளைத்தால் பெட்ரோல் பட்டு உள்ளிருக்கும் ரப்பர் ஊதும், ஓட்டை மூடும். ஜப்பானின் புகழ்பெற்ற ஜீரோ விமானங்களில் ஆரம்பத்தில் அது கிடையாது. அடிபட்டவை மளமளவென்று பற்றி எரிந்தன!

அதே ஜப்பான் 2017-ல் அசத்திவிட்டது. விமான எஞ்சினுக்கென ஒரு செராமிக்! மனித எலும்பு ஆறும் விதத்தைப் பார்த்துச் செய்தது. 1,000 டிகிரி செல்சியஸ் கொதிப்பில் விரிசல் மூட 1 நிமிடம் போதும்!

ஆறின இடம் பழையதைவிடக் கெட்டியாகுமா? ஆகியிருக்கிறது! நுண்குழாய்களை ஹெர்ரிங்போன், அதாவது மீன்முள் வடிவத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்த காம்போசிட்டில், 2014-ல் திரும்பிய உறுதி 100 சதவீதத்துக்கும் மேல்!

கடைசியாக, எல்லாவற்றுக்கும் சிகரம்! அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் இழைகளின் மேல் 3டி பிரிண்டரால் ஒரு பிளாஸ்டிக்கை அச்சிட்டது. உள்ளேயே மெல்லிய ஹீட்டர். மின்சாரம் கொடுத்தால் பிளாஸ்டிக் உருகி விரிசலுக்குள் பாயும், ஒட்டும். பாகத்தைக் கழற்றவே வேண்டாம்! 2022-ல் வெளியான கணக்குப்படி, உடைத்து உடைத்து ஒட்டவைத்தது 100 முறை!