மஞ்சள் விளக்கு எரிந்தால் சென்சாரையா மாற்றுவது?

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்கென்றே பல பாகங்கள் சேர்ந்துவிட்டன. கூடவே சந்தேகங்களும்.

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓட்டலாமா?

விளக்கு நிலையாக எரிந்து, வண்டியின் இழுவையிலும் மாற்றம் இல்லையென்றால், நிதானமாக ஓட்டிச் சென்று ஓரிரு நாளில் காட்டலாம். மினுக்கினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம். பற்றாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கிருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் உருகிவிடலாம். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய ஸ்பார்க் பிளக், காயில் வேலை, கன்வர்ட்டர் செலவில் போய் நிற்கும். உடனே ஓரங்கட்டிவிடுங்கள்.

ஸ்கேனரில் 'பி0420' என்று வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் சென்சார் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று இன்ஜினின் கணினியான ஈசியூ முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு சரியா என்று புகையைப் பார்த்துச் சொல்வதுதான் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். சிர்கோனியாவில் செய்த வழக்கமான வகை, 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். புகையில் ஆக்சிஜன் குறைந்தால் அதன் வோல்ட்டேஜ் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும், கூடினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும்.

கன்வர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் உண்டு. கன்வர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்துச் செலவழிக்கும் திறன் கொண்டது. அது நன்றாக இருந்தால் பின் சென்சாரின் அளவு பெரிதாக ஆடாது. முன்னால் ஏறி இறங்குவது போலவே பின்னாலும் ஏறி இறங்கினால், 'கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது' என்று ஈசியூ பதிவு செய்யும். அதுதான் பி0420. அதாவது சென்சார் இங்கே சாட்சி. சாட்சியையே பிடித்து உள்ளே போடுவதுதான் பல ஒர்க்‌ஷாப்களில் நடக்கிறது. புகைக்குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் இதே எண் வரலாம்.

'பி0171'-க்கும் இதே கதைதான். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிறது அது. விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், தூசி படிந்த காற்று சென்சார், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் என்று காரணம் எங்கேயும் இருக்கலாம். எந்த எண் வந்தாலும், முன், பின் ஆக்சிஜன் சென்சார்கள் இரண்டின் வோல்ட்டேஜும் ஓடும் வரைபடத்தை ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் பாகம் வாங்கச் சம்மதிக்காதீர்கள்.

கன்வர்ட்டரைக் கழற்றி வெறும் குழாய் மாட்டினால் மைலேஜ் கூடுமாமே?

சொல்லிக்கொள்ளும்படி கூடாது. அடைத்துப்போன கன்வர்ட்டர் மைலேஜைக் குறைக்கும், உண்மை. அதற்கு வழி புதியது மாட்டுவதுதான். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் கழற்றியதை நல்ல விலைக்கு எடுக்க ஆள் உண்டு. இந்த யோசனையைச் சொல்பவருக்கு அதில் லாபம் இருக்கிறதா என்று பாருங்கள். மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம்.

டீசல் கார். வீட்டிலிருந்து அலுவலகம் நாலு கிலோமீட்டர். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி வருகிறதே?

டிபிஎஃப் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நாலு கிலோமீட்டரில் அந்தச் சூடு வருவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். வாரம் ஒருமுறை புறவழிச்சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வண்டியை நிறுத்தும்போது ஐடிலிங் சற்று உயர்ந்து, விசிறி பலமாகச் சுற்றினால் எரிப்பு நடந்துகொண்டிருக்கலாம், முடியட்டும். பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால், இதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைவதற்குப் பதில் கூடினால் சந்தோஷப்படாதீர்கள், மாற்றுங்கள். ஓட்டமே இவ்வளவுதான் என்றால், அடுத்தது பெட்ரோல் காராக இருக்கட்டும்.

டெஃப் என்பது யூரியாதானே? உர மூட்டையிலிருந்து கரைத்து ஊற்றலாமா?

கூடாது. டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தெளிக்கும் டெஃப் என்பது தாது நீக்கிய தண்ணீரில் 32.5 சதவீதம் தூய யூரியா. உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது, மற்ற அசுத்தங்களும் உண்டு. தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். டெஃப்பைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடப் போடாதீர்கள்; போட்டாலே பம்ப் ஓடி, அதைப் பைப்புகளுக்குள் இழுத்துவிடும். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.