குறியும் நெறியும்

எங்கள் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஏறத்தாழ பத்து மீற்றர் இருக்கும். ஒரு சுவரில் வெள்ளைத் தாளொன்றை ஒட்டி, கூரிய பென்சிலால் அதில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, எதிர்ச்சுவரருகே போய் நின்று பாருங்கள். பொட்டு கண்ணுக்கே தெரியாது. ஒலிம்பிக்கில் நடைபெறும் பத்து மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிகளுக்குரிய இடம் அப்படிப்பட்ட ஒரு பொட்டுத்தான். அதன் விட்டம் அரை மில்லிமீற்றர். இலக்கின் வட்டங்கள் எல்லாம் சேர்ந்தே 45.5 மில்லிமீற்றர்தான். பாய்ந்து வரும் ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். தகுதிச் சுற்றில் நின்ற நிலையில் 75 நிமிடங்களுக்குள் 60 தடவை சுட வேண்டும்.

துப்பாக்கி சுடுதல் என்றதும் பலருக்கும் சண்டைக் காட்சிகளே நினைவுக்கு வரும். உண்மையில் இது ஓசையும் ஓட்டமும் குறைந்த, பொறுமை மிகுந்த விளையாட்டு. மூச்சை அடக்கி, இரு இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியில் விசையை அழுத்தப் பழகிக்கொள்கிறார்கள் வீரர்கள். இத்தனை நுட்பமான விளையாட்டில் ஏமாற்றுவது எப்படி, ஏமாற்றாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மலையகத்துக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமாரைக் கொண்டு 'சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ்' என்ற தொண்டர் படை அமைக்கப்பட்டது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அப்படை 1949இல் கலைக்கப்பட்டது. அன்று ரைபிள் துரைமாரின் தோளில் இருந்தது. கொழுந்துக் கூடை தொழிலாளரின் முதுகில் இருந்தது. அதற்கும் முன்னர், நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகின்றது. அக்காலத்தில் அதையும் விளையாட்டு என்றே அழைத்தார்கள். ஆனால், தான் ஒரு போட்டியில் இருக்கிறோம் என்பதை அந்த யானைகள் அறியவில்லை. இரு தரப்பும் ஒரே விதியை அறிந்து, ஏற்று, அதற்குள் நின்று மோதும்போதுதான் அது விளையாட்டாகிறது. விதி ஒருவருக்கு மாத்திரம் என்றாகிவிட்டால் அது வேட்டை. ஏமாற்றி விளையாடுபவரும் எதிராளியை வேட்டையாடவே செய்கிறார்.

இன்று இது பெண்களின் விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில், எயார் ரைபிள் இணைப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் வென்று தந்தவர்கள் புஷ்பமாலி ரமணாயக்க, மாலி விக்கிரமசிங்க என்ற இரு பெண்கள். தமிழ்நாட்டின் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் சுட்டவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாகப் போட்டியிட்டார். அதே விழாவில் கட்டார் நாட்டின் கொடியை ஏந்தி வந்த பஹிய்யா அல் ஹமத் என்ற யுவதியும் ரைபிள் வீராங்கனையே.

இனி, ஏமாற்றும் வழிகளைப் பார்ப்போம். ஓட்டப் போட்டியில் ஊக்கமருந்து உட்கொள்பவர் உடலை வேகப்படுத்தப் பார்ப்பார். துப்பாக்கி சுடுபவருக்கோ வேகம் பகை. நடுங்காத கையும் மெல்லத் துடிக்கும் இதயமுமே அவருக்கு வேண்டும். 'பீட்டா புளொக்கர்' எனப்படும் மருந்துகள் உயர் இரத்த அழுத்தம், இதய நோய் முதலியவற்றுக்காக வைத்தியர்கள் வழங்குபவை. அவை இதயத் துடிப்பைக் குறைக்கும். கை நடுக்கத்தையும் தணிக்கும். ஆகவேதான் துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் போட்டி நாளில் மட்டுமன்றி எல்லா நாட்களிலும் அவை தடைசெய்யப்பட்டுள்ளன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜொங் சு 50 மீற்றர் பிஸ்டல் போட்டியில் வெள்ளியும், 10 மீற்றர் எயார் பிஸ்டல் போட்டியில் வெண்கலமும் வென்றார். பரிசோதனையில் அவ்வகை மருந்தான 'புரொப்ரனலோல்' கண்டுபிடிக்கப்பட்டதால் இரு பதக்கங்களும் பறிக்கப்பட்டன.

இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இன்னொரு சம்பவம் நடந்தது. நவீன ஐந்திறன் போட்டியின் ஐந்து பிரிவுகளுள் ஒன்று கைத்துப்பாக்கி சுடுதல். 1968 மெக்ஸிக்கோ ஒலிம்பிக்கில் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் குன்னர் லில்ஜென்வால், படபடப்பைத் தணிக்க இரண்டு பியர் குடித்ததாகச் சொன்னார். பரிசோதனையில் மது வெளிப்பட்டது. ஒலிம்பிக் வரலாற்றில் தடைசெய்யப்பட்ட பொருளுக்காக வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவரே. அவருடைய அணி வென்ற வெண்கலப் பதக்கத்தையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஒருவர் செய்த பிழைக்கு, எதுவும் செய்யாத தோழர்களும் விலை கொடுத்தார்கள்.

இரண்டாவது வழி உபகரணம். எயார் ரைபிளின் நிறை 5.5 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. எயார் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் பாரத்தைத் தாங்க வேண்டும். அதைவிட இலேசானால் விரல் பட்டதுமே வெடித்துவிடும். வீரர்கள் அணியும் விறைப்பான மேலங்கிகூட அளவுக்கு மீறித் தடித்திருந்தால் அதுவே உடலைத் தாங்கும் சுவராகிவிடும் என்பதால், அதன் தடிப்பையும் விறைப்பையும் கருவி வைத்து அளக்கிறார்கள். முன்னர் தாளில் விழுந்த துளையைப் பார்த்துப் புள்ளியிட்டார்கள். கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதில் வாதம் எழும். புள்ளியிடுபவரின் கண்ணும் மனமும் நேர்மையாக இருக்க வேண்டும். இப்போது பெரிய போட்டிகளில் மின்னணு இலக்குகள் குண்டு பட்ட இடத்தைத் தாமே கணக்கிட்டு, 10.9 வரை தசமத்தில் புள்ளி காட்டுகின்றன.

இயந்திரம் எல்லாவற்றையும் அளந்துவிடும் என்றால் நேர்மைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அமெரிக்க வீரர் மத்தியூ எம்மன்ஸின் கதை அதற்குப் பதில் சொல்லும்.

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன், எம்மன்ஸின் ரைபிளை யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்தியிருந்தார்கள். அவர் தமது பழைய பல்கலைக்கழக அணித் தோழி ஒருவரின் ரைபிளை இரவல் வாங்கினார். அந்த இரவல் ரைபிளுடனேயே ஏதென்ஸில் 50 மீற்றர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். ஒருவர் இருட்டில் செய்த சூழ்ச்சியை இன்னொருவர் கொடுத்த நம்பிக்கை வென்றுவிட்டது.

சில நாட்களில் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று. கடைசிச் சூட்டுக்கு முன் எம்மன்ஸ் மூன்று புள்ளிகள் முன்னணியில் இருந்தார். சாதாரணமாகச் சுட்டாலே இரண்டாவது தங்கம் கைக்கு வந்துவிடும். சுட்டார். அவருடைய திரையில் எதுவும் பதியவில்லை. தம்முடைய இரண்டாம் இலக்குக்குப் பதிலாக, பக்கத்து வீரரின் மூன்றாம் இலக்கில் அவர் சுட்டிருந்தார். விதிப்படி அந்தச் சூட்டுக்குப் பூச்சியம். முதலாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்குப் போனார். தங்கம் சீனாவின் ஜியா சான்போவுக்குக் கிடைத்தது. எம்மன்ஸ் யார்மீதும் பழி போடவில்லை. பிழை தன்னுடையதே என்று ஏற்றுக்கொண்டார். அன்று அவருக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் செக் நாட்டு வீராங்கனை கத்தரீனா குர்கோவா. 2007இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றவரும் அதே கத்தரீனாதான்.

அதே பெய்ஜிங்கில் இன்னொரு காட்சியையும் உலகம் கண்டது. 2008 ஓகஸ்ட் மாதம் ரஷ்யாவும் ஜோர்ஜியாவும் போரில் இறங்கியிருந்தன. பெண்களுக்கான எயார் பிஸ்டல் போட்டியில் ரஷ்யாவின் நத்தாலியா பதெரினா வெள்ளியும், ஜோர்ஜியாவின் நீனோ சலுக்வாட்சே வெண்கலமும் பெற்றார்கள். தத்தம் நாட்டுப் படைகள் மோதிக்கொண்டிருந்த அந்நாட்களில், பதக்க மேடையில் அவ்விரு பெண்களும் ஒருவரையொருவர் கட்டியணைத்துக் கொண்டார்கள். துப்பாக்கியைப் பிடிக்கும் கைகள் தோழமையையும் பிடிக்கலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எமது மார்க்கத்துக்கும் இவ்விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. அம்பெய்யப் பழகுவதை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. இரு அணியினர் அம்பெறிந்து போட்டியிட்டுக் கொண்டிருந்தபோது நபியவர்கள் அவ்வழியே வந்து, தாம் ஓர் அணியின் பக்கம் என்று சொன்னார்கள். உடனே மற்ற அணியினர் கைகளை நிறுத்திக்கொண்டார்கள். நபியவர்கள் அவர்கள் பக்கம் இருக்கும்போது நாங்கள் எப்படி எறிவது என்று காரணமும் சொன்னார்கள். அப்போது நபியவர்கள், தாம் எல்லோருடனும் இருப்பதாகச் சொல்லி அவர்களைத் தொடரச் செய்தார்கள். நடுவர் என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமான 'அல் முதப்பிபீன்', தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களையே முதலில் எச்சரிக்கிறது. புள்ளியும் ஓர் அளவைதான்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அளவையின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. என் தோழி ஒருத்தியின் அம்மா கொழுந்து பறிப்பவர். மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்டுப் பறித்த கொழுந்து தராசில் ஏறும்போது அம்மாவின் கண் முள்ளைவிட்டு அசையாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு கிலோ குறைந்துவிட்டால் அன்றிரவு முழுவதும் வீட்டில் அதே பேச்சுத்தானாம்.

அந்தத் தோழியால்தான் இதை எழுதுகிறேன்.

கடந்த வருடம் எங்கள் மாணவர் படையணி முகாமுக்குச் சென்றிருந்தது. 'பாயிண்ட் டூ டூ' ரைபிளால் படுத்த நிலையில் ஆளுக்கு ஐந்து சூடுகள். எட்டுப் பேரில் நால்வர் அடுத்த போட்டிக்குத் தெரிவாவார்கள். எனக்கு வலப்பக்கத்தில் அவள் படுத்திருந்தாள். என் கடைசிச் சூட்டில் நான் பதறி விசையை இழுத்துவிட்டேன். பலகைக்குக் கீழே மண்மேட்டில் செம்மண் தெறித்ததை என் கண்ணால் கண்டேன். ஆனால் தாள் வந்தபோது அதில் ஐந்து துளைகள் இருந்தன. ஒன்று சரியாகப் பத்தில். அவளுடைய தாளில் நான்கே துளைகள். "ஒன்று வெளியே போய்விட்டது" என்றார் சார்ஜன்ட். அவள் திகைத்து நின்றாள். எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

நான் எதையும் திருடவில்லை, தாளைத் தொடவுமில்லை, கேட்டால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை என்று அன்றிரவு எனக்கு நானே பல நியாயங்கள் சொல்லிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. ஸுபஹ் தொழுகையில் ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்ப் பொறுப்பாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மிஸ் என்னை ஏசவில்லை. சார்ஜன்டிடம் அழைத்துப் போனார். அவர் விதியைச் சொன்னார்: பிற இலக்கில் பட்ட சூடு சுட்டவருக்குப் பூச்சியம், எனக்கும் அது சொந்தமில்லை. நான் ஆறாம் இடத்துக்குப் போனேன். தோழியின் புள்ளி ஒன்றுகூடக் கூடவில்லை. எங்கள் இருவருக்குமே இடமில்லை. உண்மையைச் சொன்னால் உடனே ஏதாவது நல்லது நடக்கும் என்று கதைகளில் படித்திருந்தேன். அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை.

அவளிடம் சொன்னபோது, "அப்ப அந்தப் பத்து என்னோடதா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நேத்தே சொல்லியிருந்தா நா ராத்திரியெல்லாம் அழுதிருக்க மாட்டேன்."

ஏமாற்றம் என்றால் மருந்து, சூழ்ச்சி, பெரிய மேடை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தவறுதலாக நம் பக்கம் விழுந்த ஒரு பத்தை, அது நம்முடையதல்ல என்று தெரிந்தும் வாய் மூடி வைத்துக்கொள்வதும் அதே இனம்தான். பரீட்சை விடைத்தாளில் ஆசிரியர் தவறுதலாகக் கூட்டிப் போட்ட ஐந்து புள்ளியும், கடைக்காரர் மாறிக் கொடுத்த நூறு ரூபாவும் அவ்வாறே. பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை போட்டி முடிந்து வந்ததும் எத்தனையாம் இடம் என்று கேட்பது இயல்பு. அதோடு, எப்படி விளையாடினாய் என்றும் ஒரு தடவை கேளுங்கள். அப்படி யாராவது கேட்டிருந்தால், நான் ஓர் இரவு முந்தியே சொல்லியிருப்பேன்.

இந்த வருடமும் முகாம் இருக்கிறது. நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் படுப்பதென்றும், சுடும் முன் இருவரும் தத்தம் இலக்கின் இலக்கத்தை உரத்து வாசிப்பதென்றும் பேசி வைத்திருக்கிறோம்.